ஈடு கொடுத்த கை

மனிதக் குழந்தையைப் பைக்குள் வளர்க்கலாம் என்று கண்டுபிடித்தவர்களுக்கு ஊர் ஊராகப் பாராட்டு விழா நடந்தது. அப்படி வளர்ந்த குழந்தை ஏன் தலையைக்கூடத் தூக்க முடியாமல் நனைந்த துணியாகக் கிடக்கிறது என்று கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு மாலைகூட விழவில்லை. அதற்கு வைத்தியமாக வந்து உட்கார்ந்த பெண்களுக்கு வேளா வேளைக்கு டீ கிடைத்தது. அதிலும் சாயங்கால டீயில் இப்போதெல்லாம் சர்க்கரை குறைவு.

வர்ணிகா அந்த டீக் கூட்டத்தைச் சேர்ந்தவள். நாற்பது தாண்டிவிட்டது. அவள் பிறந்த காலத்தில் திருப்பூரில் பெண் குழந்தைகளுக்கு வர்ணிகா, தன்ஷிகா, கனிஷ்கா என்று தேடித் தேடிப் பெயர் வைத்தார்கள். இப்போது அந்தப் புதுப்பெயர்களெல்லாம் நரைத்துப்போய், முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு ஷிப்டுக்கு வந்து போகின்றன.

முன்பு பனியன் கம்பெனியாக இருந்த கட்டடத்தில்தான் ‘நிறைமாதம்’ கருவகம் நடக்கிறது. மாறியது சரக்கு மட்டும். காலையில் உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், முடித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்பது மாறவில்லை. பெரிய கூடத்தில் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பை. பைக்குள் ஒரு குழந்தை, ஊரில் வேறு யாருக்கும் இல்லாத நிம்மதியோடு கண்ணை மூடிக்கொண்டிருக்கும். தொட்டியின் பக்கவாட்டில் தோள்வரைக்கும் உள்ளே போகிற ரப்பர் உறை ஒன்று. அதற்குள் கையை விட்டு உள்ளங்கையைப் பையின்மேல் வைக்க வேண்டும். குழந்தை உதைக்கும். உதைத்த இடத்தில் திருப்பி அழுத்த வேண்டும். அது இன்னும் கொஞ்சம் உதைக்கும், இவள் இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும். சொன்னால் விளையாட்டுபோலத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் செய்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கம்பெனிக் காகிதங்களில் இதற்கு ‘எதிர்விசைப் பணி’ என்று பெயர். அந்தப் பெயரை வாயில் போட்டு மெல்லுவதற்கு யாருக்கும் தெம்பில்லாததால் பெண்கள் ‘ஈடு கொடுக்கிறது’ என்று சொல்லிக்கொண்டார்கள். உதைக்கு ஈடு கொடுக்கிற கை ஈட்டுக்கை. எடுத்த பையைக் குழந்தை வெளியே வரும்வரை அவளேதான் பார்க்க வேண்டும். நடுவில் விட்டுவிட்டுப் போனால் அடுத்த பை கிடைக்காது, வேலை போச்சு. வர்ணிகாவின் பை ஜன்னல் பக்கம் இருந்தது. குழந்தைகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததால் அவள் அதை ‘ஜன்னலோரம்’ என்று கூப்பிட்டாள்.

அவளுடைய ஈட்டுக்கை, அதாவது வலது கை, போன வருஷத்திலிருந்தே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு வீங்கி, விரல்கள் காலையில் மடங்குவதற்கே அடம்பிடித்தன. தலை பின்னிக்கொள்ள முடியவில்லை, ஒரு கிளிப்பை இடது கையால் மாட்டிக்கொண்டு வந்தாள். இடியாப்பம் பிழிவது நின்றுபோய் வெகுநாளாகிவிட்டது. எலும்பு டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூன்று மாசத்துக்கு இதனால் ஒரு டம்ளரைக்கூடத் தூக்கக் கூடாது, மீறினால் விரல்கள் அப்படியே நின்றுவிடும், பிறகு என்னிடம் வந்து பிரயோசனமில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார். வர்ணிகா தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாள் காலை ஷிப்டுக்கு வந்தாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த மூன்று மாசம்தான். அதை யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் இயந்திரக் கை வந்தது.

மெத்தென்ற சாம்பல் நிறக் கை. ஐந்து விரலும் இருந்தது. டாக்டர் தமிழினி அதைச் சாப்பாட்டு அறை மேஜைமேல் வைத்துவிட்டு எல்லோரையும் உட்காரச் சொன்னாள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், சின்ன வயது, கருவகத்தின் ஆராய்ச்சிப் பிரிவு முழுக்க அவள் தலையில்தான். இந்தப் பெண்களிடம் உட்கார்ந்து பேசுகிற ஒரே படித்த ஆள் என்பதால் அவளை எல்லோருக்கும் பிடிக்கும்.

“நீங்க என்ன வேலை செய்றீங்கன்னு யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்காங்களா அக்கா?” என்று ஆரம்பித்தாள்.

“உதை வாங்கறமுங்க” என்றாள் தன்ஷிகா. அவள் முன்பு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள், வாய் சும்மா இருக்காது. எல்லோரும் சிரித்தார்கள்.

டாக்டரும் சிரித்தாள். “அந்த உதை எங்க போகுதுன்னு சொல்றேன். தசைக்குள்ள ஆக்டின்னு ஒரு புரதம் இருக்கு. சும்மா கிடக்கறப்ப உதிரி உதிரியா கிடக்கும். இழுத்தா, எதையாவது எதிர்த்துத் தள்ளுனா, ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு இழையாகும். அந்த உதிரிங்க ஒரு தூதனைப் புடிச்சு உக்கார வச்சிருக்கும். இழையா கோத்துக்கப் போறப்ப அவனை விட்டுடும். அவன் நேரா செல்லுக்கு நடுவுல, மரபணு இருக்கற எடத்துக்கு ஓடுவான். ‘இங்க வேலை நடக்குது, இன்னும் தசை வேணும்’னு சொல்லுவான். அப்பத்தான் தசைக்கான மரபணு திறக்கும்.”

“நூல் தீந்துருச்சு, கோன் அனுப்புங்கன்னு மில்லுக்கு ஆள் அனுப்பற மாதிரிங்களா?” என்றாள் தன்ஷிகா.

“அதேதான். எதிர்த்துத் தள்ள ஒண்ணுமில்லேன்னா அந்த ஆள் கிளம்பவே மாட்டான். அம்மா வயித்துல கருப்பையும் ஒரு தசைதானே, உதைச்சா அது இறுகித் திருப்பிக் குடுக்கும். நம்ம பை குடுக்காது. மொதல்ல ஒரு பிஸ்டனை வச்சுப் பாத்தாங்க. அது கடிகாரம் மாதிரி ஒரே சீரா தட்டுச்சு, ரெண்டே வாரத்துல குழந்தைங்களுக்குப் பழகிப்போய் உதைக்கறதையே விட்டுடுச்சுங்க. அதனாலதான் உங்க கை. இப்ப இந்தக் கை உங்களைப் பாத்துக் கத்துக்கப் போகுது. வர்ணிகாக்கா, உங்க கைதான் இந்தக் கூடத்துலயே நல்ல கை. பதிவு பண்ற உறையை மாட்டிக்கிட்டு ரெண்டு வாரம் வழக்கம்போல வேலை செய்ங்க, போதும்.”

மற்றவர்கள், நாளைக்கு இந்தச் சாம்பல் கை வந்து உட்கார்ந்தால் நம் கதி என்ன என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வர்ணிகாவுக்கு மட்டும் உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். கூட்டம் கலைந்த பிறகு டாக்டரிடம் போய் நின்றாள்.

“இந்த மெசின் நல்லபடியா வந்துட்டா எனக்கு லீவு கெடைக்குமாங்க?” வீங்கின மணிக்கட்டைக் காட்டினாள்.

டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். “மூணு மாசம் குடுக்கச் சொல்றேன்க்கா. வேலையும் போகாது. நான் பொறுப்பு.”

வழக்கம்போல என்று டாக்டர் சொன்னாள். அந்தச் சொல் தஞ்சாவூரிலிருந்து கிளம்பித் திருப்பூர்க் காதில் விழுந்தபோது வேறாகிவிட்டது. இந்த ஊருக்கு யாராவது வந்து கவனித்துப் பதிந்துகொண்டு போகிறார்கள் என்றால் அதற்கு ஒரே பெயர்தான், ஆடிட். வெளிநாட்டிலிருந்து சரக்கு எடுக்கிறவர்கள் ஆடிட்டுக்கு வருகிற அன்றைக்குக் கக்கூஸில் சோப்பு இருக்கும், எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை இருக்கும், ஒருத்தரும் கொட்டாவி விட மாட்டார்கள். ‘எத்தனை மணி நேரம் வேலை?’ என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதில் ‘எட்டு’ என்று ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அது பொய் என்று யாரும் நினைப்பதில்லை. விருந்தாளி வந்தால் பாயைத் தட்டிப் போடுகிறோமே, அந்த மாதிரி ஒரு மரியாதை.

அதனால் தன்ஷிகா பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். “ஏனக்கா, அரை ஷிப்ட் தாண்டுனா உன்ற கை தொவண்டுரும். அது பதிவுல உழுந்தா என்னாகறது? மானம் போயிரும். லீவும் போயிரும்.”

உண்மைதான். மத்தியானத்துக்கு மேல் எல்லோர் கையும் துவளும். அழுத்தம் குறையும், பதில் தாமதமாகும், சாயங்கால டீக்குப் பிறகு கை வெறுமனே பையின்மேல் கிடக்கும். சில பேர் உட்கார்ந்தபடியே கண்ணசந்துவிடுவார்கள். கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆனால் வெளியே மூச்சுவிட மாட்டார்கள். தூங்கினால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். சூப்பர்வைசர் கௌசிக் வருகிற செருப்புச் சத்தத்துக்கே எல்லாக் கையும் உயிர் பெற்றுவிடும்.

பதிவு நடந்த இரண்டு வாரமும் வர்ணிகாவின் கை சோர்ந்தபோதெல்லாம் அவள் உறையை உருவிக் கொடுத்தாள், தன்ஷிகா தன் பையை வர்ணிகாவிடம் விட்டுவிட்டு வந்து மாட்டிக்கொண்டாள். தன்ஷிகா சோர்ந்தால் பக்கத்துத் தொட்டியில் இருந்த கனிஷ்கா. டாக்டரின் கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் தொட்டிக்குள் உறை போட்ட ஒரு கை மட்டும்தான் தெரியும், அது யாருடையது என்று தெரியாது. காலையில் எப்படி அழுத்தியதோ அதே ஜோரில் ஷிப்ட் முடியும்வரை அழுத்திக்கொண்டிருந்தது அந்தக் கை. டாக்டர் அசந்துபோனாள். இப்படி ஒரு கையை நான் பார்த்ததேயில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வர்ணிகாவுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

சாம்பல் கை முதலில் ஜன்னலோரத்துக்குத்தான் போனது. வர்ணிகா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது முதல் இரண்டு நாள் தர்மசங்கடமாக இருந்தது, மூன்றாம் நாள் சொர்க்கமாகிவிட்டது. வீக்கம் கொஞ்சம் வடிந்தது. விரல்கள் பாதியாவது மடங்கின. குழந்தையும் ஜம்மென்று இருந்தது. உதைக்கிறது, கை பதில் சொல்கிறது, மறுபடி உதைக்கிறது. அது ஓய்வதே இல்லை. கௌசிக் வருகிறவர்களிடமெல்லாம், “பாருங்க, ஃபுட்பால் ஆடறான்” என்று பெருமையடித்தான். இன்னும் சில தொட்டிகளுக்கும் சாம்பல் கைகள் வந்தன. ஜன்னலோரத்தின் பெற்றோர் ஈரோட்டிலிருந்து ஞாயிறுதோறும் வந்து கண்ணாடிக்குப் பின்னால் நிற்பார்கள். அந்தத் தாய்க்கு இதய நோய், சுமக்க முடியாது என்றுதான் பைக்கு வந்தவர்கள். பிள்ளை உதைப்பதைப் பார்த்துத் தன் வயிற்றைத் தடவிக்கொள்வாள்.

ஒருநாள் காலை வர்ணிகா உள்ளே வந்தபோது டாக்டர் தொட்டிப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“என்னாச்சுங்க?”

“இதயம் தடிச்சுப்போச்சுக்கா. ஸ்கேன்ல சுவரே ரெண்டு பங்கு இருக்கு. மெஷின் வச்ச எல்லாக் குழந்தைக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. இதுக்குத்தான் ரொம்ப.”

வர்ணிகா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “கை காலுக்குத்தானுங்களே நாம ஈடு குடுக்கறம்? இருதயம் எப்படி?”

“அவ்வளவு உதைக்கு ரத்தம் அனுப்பணுமே, அதுவும் ஓய்வில்லாம உழைக்குது. இதயமும் ஒரு தசைதானே. கருவுல அது எடுத்தவுடனே தன்னோட ஆக்டினைப் போட்டுக்காதுக்கா. மொதல்ல ரத்தக்குழாயோட ஆக்டின், அப்புறம் கை கால் தசையோடது, கடைசியாத்தான் தன்னோடது. வீட்டுக் கடைக்குட்டி மொதல்ல அண்ணன் சட்டை, அக்கா சட்டையெல்லாம் போட்டுத் தேச்சுட்டு அப்புறமா தன் அளவுக்கு ஒண்ணு தச்சுக்கற மாதிரி. இவன் தன் சட்டையைப் போட ஆரம்பிச்சிருந்தான். இப்பக் கழட்டிப் போட்டுட்டு மறுபடி பழசை மாட்டறான். தாங்க முடியாத இதயம்தான் அப்படிப் பண்ணும்.”

“பொழைக்குமாங்க?”

“இப்படியே போனா பொழைக்காது. அழுத்தத்தைக் குறைச்சுப் பாத்துட்டேன், கேக்கல. நிறுத்தினா மத்த தசையெல்லாம் போயிடும். ஒண்ணும் புரியலக்கா. உங்க கைதானே இது? அதே விசை, அதே வேகம். நீங்க செஞ்சா நல்லா இருக்கற குழந்தை, நீங்க செஞ்சதையே மெஷின் செஞ்சா ஏன் சாகப்போகுது?”

தன்ஷிகா எதிர்த்தொட்டியிலிருந்து கண்ணால் ‘வேண்டாம்’ என்று சைகை காட்டினாள். வர்ணிகா அவளையும் பார்த்தாள், தொட்டிக்குள்ளும் பார்த்தாள். உள்ளே அது உதைத்துக்கொண்டே இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியாத, வெகுநாளாகத் தூங்காதவர்களுக்கு வருகிற கோபம்.

“நான் செஞ்சது எங்கீங்க இருக்குது அதுல? அது மூணு பேரு கைங்க. ஒருத்தி சோந்தா இன்னொருத்தி மாட்டிக்குவம். ஆடிட் அன்னிக்கு எவளாச்சும் சோந்த மூஞ்சியக் காட்டுவாளாங்க? வழக்கம்போல செய்யச் சொன்னீங்களே டாக்டரம்மா, வழக்கம்னா மத்தியானத்துக்கு மேல எங்க கையி பொணமாட்டக் கெடக்குமுங்க. கொழந்தை ரெண்டு ஒதை ஒதைச்சுப் பாத்துட்டு, ‘சரி, இவ அவ்வளவுதான்’னு அதும் தூங்கிரும். நானும் தூங்கீருவன். அல்லாரும் தூங்குவம். போயி எழுதிக்குங்க, எல்லாத்தையும் வேலைய விட்டு எடுக்கச் சொல்லுங்க.”

தன்ஷிகா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

டாக்டர் திட்டவில்லை. தொட்டியைப் பார்த்தபடி, ஏதோ தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி மெதுவாகப் பேசினாள். “தூதன் உள்ள போறதை மட்டுமே யோசிச்சேன். அவன் திரும்பி வரணுமே. இழுக்கறது நின்னு இழை தளர்ந்தாத்தான் உதிரி கிடைக்கும், உதிரி கிடைச்சாத்தான் அவனைப் புடிச்சு வெளிய இழுத்துட்டு வரும். இங்க அவன் வீடு திரும்பவே இல்ல. மரபணு மூடவே இல்ல.” நிமிர்ந்து வர்ணிகாவைப் பார்த்தாள். “நீங்க சோர்ந்துபோனதும் வைத்தியந்தான்க்கா. அதை மட்டும் விட்டுட்டு மெஷினுக்குக் குடுத்திருக்கோம்.”

சாம்பல் கையை எல்லாத் தொட்டிகளிலிருந்தும் கழற்றினார்கள். ஜன்னலோரத்துக்கு யார் கை கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது டாக்டர் வர்ணிகாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தன்ஷிகா, “நான் பாத்துக்கறனக்கா, நீ இரு” என்றாள். ஆனால் ஏற்கெனவே அவளுக்கு ஒரு பை இருந்தது. வர்ணிகா கிளிப்பைச் சரிசெய்துகொண்டு ரப்பர் உறைக்குள் கையை விட்டாள். முதல் உதைக்கே மணிக்கட்டிலிருந்து தோள்வரைக்கும் சுளீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். கொஞ்ச நேரத்திலேயே கை துவண்டு விழுந்தது. குழந்தை இன்னும் இரண்டு முறை உதைத்துப் பார்த்தது, பதில் வராததால் பேசாமல் இருந்துவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு அது தூங்குவதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்படியே நாட்கள் போயின. வர்ணிகாவின் கை மோசமாக மோசமாக, குழந்தையின் இதயம் தேறியது. சுவர் மெலிந்தது. தன் சட்டையை மறுபடியும் போட்டுக்கொண்டுவிட்டது என்று டாக்டர் ஓடிவந்து சொன்ன அன்றைக்கு வர்ணிகாவால் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியவில்லை. கனிஷ்காதான் திறந்து கொடுத்தாள். பை திறக்கும் நாளில் பெற்றோர் வந்தார்கள். அந்தத் தாய் டாக்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் எதைக் கொடுத்தாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வர்ணிகாவுக்கு அதில் வருத்தமில்லை. இனிமேல் தன் மூன்று மாசம் கிடைத்துவிடும் என்ற நினைப்பிலேயே இருந்தாள்.

நல்ல கண்டுபிடிப்பு எதுவும் கண்டுபிடித்த இடத்திலேயே நிற்பதில்லை, மாடி ஏறிவிடுகிறது. சோர்வு வைத்தியம் என்று தெரிந்ததும் மாடியில் இருந்தவர்கள் இயந்திரத்துக்கும் அதைக் கொடுத்துவிடலாம் என்றார்கள். சாம்பல் கைகள் திரும்பி வந்தன. இப்போது அவை மத்தியானத்துக்கு மேல் மெல்லத் துவண்டன, பதில் சொல்லத் தாமதித்தன, கடைசியில் பையின்மேல் அப்படியே கிடந்தன. அப்போது தொட்டிக்கு மேலே ஒரு பச்சை விளக்கு எரியும். ‘இயந்திரம் ஓய்வில் உள்ளது. தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்று எழுத்து ஓடும். கௌசிக்கூட அந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பான்.

ஒரே ஒரு சிக்கல்தான். ஒரே சோர்வைத் திரும்பத் திரும்பப் போட்டால் குழந்தைகளுக்கு அதுவும் பழகிவிடுகிறது. தினம் தினம் புதுச் சோர்வு வேண்டும். அதனால் பின்பக்கம் ஒரு சின்ன அறையில் வெறும் பை ஒன்றைத் தொட்டியில் வைத்து, உள்ளே உதைக்கிற கருவி ஒன்றையும் வைத்து, வர்ணிகாவைப் பதிவுறையோடு உட்கார வைத்தார்கள். கை துவளும்வரை ஈடு கொடுக்க வேண்டும். அவள் துவளத் துவள அது அத்தனை இயந்திரங்களுக்கும் போகும். அவளுடைய சோர்வுதான் இருப்பதிலேயே தரமானது என்று சொன்னார்கள். வீங்கின கை என்பதால் சீக்கிரமாகவும் வந்துவிடுகிறதாம்.

அடுத்த சில நாள் அவள் செய்தாள். மோதிர விரல் மடங்குவதை நிறுத்திக்கொண்டது. அப்புறம் ஒரு மத்தியானம், டாக்டர் திரையைச் சரிபார்க்க வந்தபோது கேட்டாள்.

“என்ற லீவு என்னாச்சுங்க?”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். “கேட்டேன்க்கா. சண்டையே போட்டேன். ‘மூணு மாசம் ஓய்வெடுத்தா அந்தம்மாவோட சோர்வெல்லாம் போயிடுமே, அப்புறம் அந்தக் கையை வச்சு என்ன பண்றது’ன்னு கேக்கறாங்க.”

வர்ணிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டர் தலை குனிந்துகொண்டாள். சிரிப்பு அடங்கியதும் வர்ணிகா கையை உறைக்குள் விட்டாள். வெறும் பையின்மேல் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே கருவி உதைத்தது. அவள் அழுத்தவில்லை. மறுபடியும் உதைத்தது. கை அப்படியே கிடந்தது. திரையில் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்க வேண்டிய கோடு தட்டையாக ஓடியது.

“அக்கா, ஒண்ணுமே பதிவாகலையே.”

“ஆகுதுங்க, நல்லாப் பாருங்க.” அவள் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். “இத்தன நாளா மேல போயிப் போயி வந்ததெல்லாம் வேலைங்க டாக்டரம்மா. சோர்வுன்னா இதுதானுங்க.”

டாக்டர் தட்டையான அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழிக்கும் பட்டன் விரலுக்கடியில்தான் இருந்தது. வர்ணிகாவின் மூச்சு சீராகி, வாய் லேசாகத் திறந்துகொண்டது. உறை வழியாகக்கூட அந்த மணிக்கட்டின் வீக்கம் தெரிந்தது.

கதவு திறந்தது. கௌசிக் எட்டிப் பார்த்தான். “ஏனுங்க டாக்டர், கையே அசையலீங்களே? தூங்கறாங்களா?”

“சத்தம் போடாதீங்க. பதிவு நடக்குது.”

அவன் திரையைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். “கோடு நேரா போகுதுங்களே?”

“முழுச் சோர்வு இப்படித்தான் இருக்கும். இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்ல. நடுவுல கலைச்சா அவ்வளவும் வீணாயிடும். மேல கேட்டா அப்படியே சொல்லுங்க. மெஷினுக்கு இருக்கற பழைய பதிவுகளை மாத்தி மாத்திப் போட்டு ஓட்டிக்கறேன்னும் சொல்லுங்க.”

பச்சை விளக்குக்குப் பழகின கௌசிக் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எவ்வளவு நாளாகுமுங்க இது?” என்று கேட்டான்.

டாக்டர் தமிழினி வர்ணிகாவின் விரல்களைப் பார்த்தாள்.

“மூணு மாசம் ஆகும்” என்றாள்.

வர்ணிகாவுக்கு அது காதில் விழுந்தது. இந்த டாக்டர் பொறுப்பு என்று சொன்னது ஏற்கெனவே ஒருமுறை பொய்த்துப்போயிருந்ததால் அவள் முழுசாக நம்பவில்லை. கண்ணைத் திறக்காமல், கையையும் எடுக்காமல், அப்படியே கிடந்தாள்.